டிக்கன்ஸின் எடைக்குத் தேநீர்

ஷெஃபீல்டுக்கு வெளியே ஒரு புல்வெளியில் ஞாயிறுதோறும் கார் டிக்கிச் சந்தை கூடும். வீட்டில் வேண்டாத சாமான்களைக் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு வருவார்கள். டிக்கியைத் திறந்தால் அதுதான் கடை. ஒற்றைக் காலுறை, ராணியின் முகம் பதித்த தகர டப்பா, மூன்று துண்டு குறையும் ஆயிரம் துண்டுப் புதிர்ப்படம், எல்லாம் கிடைக்கும். போன மார்ச்சில் அப்படி ஒரு டிக்கியில்தான் அதைப் பார்த்தேன். ரொட்டி டப்பா அளவில் வெண்ணெய் நிறப் பெட்டி. முகப்பில் கடிகாரம், இரண்டு பக்கமும் சிறு விளக்கு, பின்னால் ஓர் உலோகக் கெட்டிலும் பீங்கான் தேநீர்ப் பாத்திரமும். எட்டு பவுண்டு சொன்னார்கள். வேலை செய்யுமா என்று கேட்டேன். "இதற்கு முன்னால் செய்தது" என்றார் விற்றவர். இவ்வளவு நேர்மையான விற்பனையாளரிடம் பேரம் பேசக் கூசியது. கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்காரர் கும்பகோணம். தேநீரைக் காய்ச்சலுக்குக் குடிக்கும் கஷாயமாகவே இன்னும் கருதுகிறார். பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துவந்து, "தண்ணீர், மின்சாரம், நீராவி. மூன்றையும் சேர்த்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கப் போகிறோம், அப்படித்தானே?" என்றார். அப்படித்தான்.

இதற்கு டீஸ்மேட் என்று பெயர். 1930-களில் காப்லின் நிறுவனம் விற்ற எந்திரத்தின் பெயர் அது. பிறகு அந்த வகையைச் சேர்ந்த எல்லாவற்றுக்கும் ஊர்வாயில் அதுவே பெயராகிவிட்டது. என்னுடையதில் செய்தவர் பெயர் ஒட்டிய தாள் உதிர்ந்து, பசையின் கறை மட்டும் இருந்தது. இரவில் தண்ணீரையும் தேயிலையையும் போட்டு நேரத்தைத் திருப்பி வைத்துவிட்டால், காலையில் தானே கொதித்து, தானே ஊற்றி, விளக்கேற்றி, மணியடித்து எழுப்பிவிடும். போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டினால் போதும்.

யோசனை அதைவிடப் பழையது. பர்மிங்காமில் துப்பாக்கித் தொழில் செய்த ஃப்ராங்க் கிளார்க் என்பவர் 1902-இல் இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அவருடைய எந்திரத்தில் மின்சாரம் கிடையாது. அலாரம் அடித்ததும் ஒரு தீக்குச்சி தானாக உரசிப் பற்றிக்கொண்டு சாராய விளக்கை ஏற்றும். கொதித்ததும் கெட்டில் சாய்ந்து ஊற்றும். மெத்தைக்கு ஒரு முழ தூரத்தில், ஆள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, யாரும் பக்கத்தில் இல்லாமல் தீக்குச்சி உரசும் பெட்டி! துப்பாக்கி செய்தவருக்கு இதெல்லாம் ஆபத்தாகவே தோன்றியிராது.

திறப்பதற்கு முன் கொஞ்சம் ஹோம்ஸ் வேலை பார்த்தேன். "த சைன் ஆஃப் ஃபோர்" தொடக்கத்தில், வாட்சன் தரும் ஒரு பழைய பைக்கடிகாரத்தை வைத்தே அதன் முந்தைய சொந்தக்காரர் குடிகாரர் என்பதுவரை சொல்லிவிடுவார் ஹோம்ஸ். சாவித் துளையைச் சுற்றியிருந்த கீறல்கள்தான் சாட்சி. என் பெட்டியில் இரண்டு சாட்சிகள். கெட்டிலுக்குள் முட்டை ஓடு கனத்துக்குச் சுண்ணாம்புப் படிவு. ஷெஃபீல்டுக்குக் குடிநீர் பென்னைன் மலைத்தொடர்ப் பக்கத்து நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. மென்மையான தண்ணீர், பத்து வருடம் கொதிக்க வைத்தாலும் இப்படிப் படியாது. ஆகவே எந்திரம் வாழ்ந்தது லண்டன் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணில். இரண்டாவது, மின்கம்பியின் உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை. இன்றைக்குப் பழுப்பு, நீலம், பச்சை மஞ்சள். ஆகவே எனக்கும் மூத்தது. ஹோம்ஸ் இந்த இடத்தில் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லி வாட்சனைத் திகைக்க வைத்திருப்பார். எனக்குத் தெரிந்தது இரண்டுதான். திருப்புளியை எடுத்தேன்.

முதல் வேலை, பழைய கம்பியை அப்படியே வெட்டி எறிந்தது. ரப்பர் உறை தொட்டதும் பிஸ்கட் போல உதிர்ந்தது. பிளக்கையும் மாற்றினேன். பிரிட்டனின் பிளக்கைப் பற்றி ஒரு வார்த்தை: பெரியது, மூன்று கால், உள்ளேயே ஃபியூஸ், தரையில் கிடந்தால் காலை நிமிர்த்திக்கொண்டு நள்ளிரவில் மிதிப்பதற்குக் காத்திருக்கும். இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. 1990-களின் நடுப்பகுதிவரை இங்கே மின்சாதனத்தைப் பிளக் இல்லாமலே விற்கலாம். வானொலியை வாங்கி வந்து, பிளக்கைத் தனியாக வாங்கி, அப்பாக்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கம்பி சீவுவார்களாம். அந்தத் தலைமுறையில் பிளக் மாட்டத் தெரியாதவர் ஆளே இல்லை. பழைய சாதனங்களில் சூடு தடுக்கக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ், தூள் மூச்சில் போனால் ஆபத்து) வைத்த வழக்கமும் உண்டு என்பதால், உள்ளே சாம்பல் நிற அட்டை ஏதேனும் இருக்கிறதா என்று கையுறை போட்டுக்கொண்டு தேடினேன். இருந்திருந்தால் மூடிவைத்துவிட்டுக் கதையையும் இங்கேயே முடித்திருப்பேன். இல்லை.

அடுத்து கெட்டில். இதன் சூட்சுமம் அழகானது. கெட்டில் காற்றுப் புகாமல் மூடியது. அடிப்பக்கம்வரை இறங்கும் ஒரு குழாய், மேலே வளைந்து தேநீர்ப் பாத்திரத்துக்குள் போகிறது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் நீராவி மேலே தேங்குகிறது. வெளியேற வழியில்லாமல் தண்ணீரை அழுத்துகிறது. தண்ணீர் குழாய் வழியாக ஏறி அந்தப் பக்கம் கொட்டுகிறது. பம்பு இல்லை. கெட்டில் உட்காரும் தட்டுக்கு அடியில் ஒரு வில்லும் சுவிட்சும். தண்ணீர் நிறைந்த கெட்டிலின் எடை தட்டை அமுக்கி வைத்திருக்கும். தண்ணீர் போனதும் எடை குறைந்து தட்டு எழும், மின்சாரம் அறும். கணிப்பொறி இல்லாத காலத்தின் கணிப்பொறி அந்த வில்.

என் கெட்டில் கொதித்தது, ஊற்றவில்லை. மூடியைச் சுற்றி நீராவி சீறி, படுக்கையறைச் சுவரொட்டித் தாளை ஈரமாக்கியது. மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தது. வாஷரை மாற்றினால் தீர்ந்தது என்று கடைக்குப் புறப்பட்டவள், செருப்பை மாட்டும்போதுதான் குழாயை ஊதிப் பார்க்கவில்லையே என்று நினைத்தேன். ஊதினேன். அடைப்பு. ஒரு பொட்டுக் காற்றுப் போகவில்லை.

இதை எழுதும்போதும் வயிற்றைக் கலக்குகிறது. குழாய் அடைத்திருக்க, நான் புது வாஷர் போட்டு மூடியை இறுக்கியிருந்தால், நீராவிக்குப் போக்கிடமே இருந்திருக்காது. கெட்டில் வெடிகுண்டாகியிருக்கும். எட்டு பவுண்டுக்கு வாங்கிய பெட்டியை இத்தனை காலம் காப்பாற்றிவந்தது அந்த வெடித்த வாஷர்தான். இந்த வகை எந்திரத்தில் கை வைப்பவர்கள் முதலில் குழாயைப் பார்க்கட்டும், வாஷர் பிறகு. இந்த வரிசையை மாற்றவே கூடாது.

சிட்ரிக் அமிலம் இரண்டு மேசைக்கரண்டி, வெந்நீர், ஒரு இரவு. காலையில் கெட்டிலுக்குள் பழுப்புக் கஞ்சி. மூன்று முறை செய்ததும் உலோகம் தெரிந்தது. குழாய்க்கு இது போதவில்லை. கிதார் தந்தி ஒன்றைக் கீழிருந்து செலுத்தி முன்னும் பின்னும் ஆட்டி, அமிலத்தை ஊற்றி, மறுபடி ஆட்டி, இரண்டு மாலைகள் போயின. கடைசியில் அரிசி அளவில் ஒரு சுண்ணாம்புக் கட்டி தெறித்து விழுந்தது. அதை ஒரு தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்க வேண்டாம்.

இனி வாஷர். சைக்கிள் ட்யூபில் வெட்டினேன். பொருந்தியது, அடைத்தது, தண்ணீர் கம்பீரமாக ஏறி இறங்கியது. வெற்றிக் களிப்பில் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கூப்பிட்டு ஒரு கோப்பை கொடுத்தேன். யார்க்‌ஷரில் கடைக்காரர், பஸ் ஓட்டுநர், மருத்துவமனைத் தாதி என்று எல்லோரும் எல்லோரையும் "லவ்" என்றுதான் அழைப்பார்கள். நம் கொங்குப் பக்கத்துக் "கண்ணு" மாதிரி. பாட்டி ஒரு மிடறு குடித்தார். கோப்பையை மெதுவாக வைத்தார். "நன்றாக இருக்கிறது, லவ்" என்றார். ஆங்கிலேயர்கள் பழக்கத்தில் இதன் பொருள், இன்னொரு மிடறு இறங்காது என்பது. நான் குடித்துப் பார்த்தேன். மழையில் நனைந்த சைக்கிள் கடையின் சுவை.

உணவுக்கு உகந்த சிலிக்கோன் தகடு, மூன்று மில்லிமீட்டர் கனம், இணையத்தில் நான்கு பவுண்டு. வெளிவட்டத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். நடுத்துளைதான் சிரமம், கொஞ்சம் கோணினாலும் கசியும். கேக்குக்குக் கிரீம் பிழியும் உலோகக் கூம்புகளில் சரியான அளவு ஒன்று கிடைத்தது. அதைத் தகட்டின் மேல் நிறுத்திச் சுத்தியலால் ஒரே போடு. அச்சில் வார்த்ததுபோல் துளை விழுந்தது. கூம்பு நசுங்கியது. இந்த வருடம் கேக் அலங்காரம் இல்லை.

தட்டும் சுவிட்சும் அடுத்த தொல்லை. கெட்டில் காலியான பிறகும் தட்டு எழவில்லை. ஐம்பது வருடத்துச் சிந்திய பாலும் சர்க்கரையும் கீலில் பாகாக இறுகியிருந்தன. வெந்நீர்த் துணியால் துடைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, உலரவிட்டு, பிளக்கைக் கழற்றிய நிலையில் சோதித்தேன். அடுக்களைத் தராசில் வெற்றுக் கெட்டில் 410 கிராம். நிரப்பினால் ஒரு கிலோவைத் தாண்டும். இடையில் எங்கே தட்டு இறங்குகிறது என்று பார்க்க எடைக்கல் வேண்டும். வீட்டில் இருந்தவை புத்தகங்கள். மெல்லிய கவிதைத் தொகுப்பு: தட்டு அசையவில்லை. ஒரு துப்பறியும் நாவல்: அசையவில்லை. இரண்டு துப்பறியும் நாவல்கள்: லேசான சலனம். டிக்கன்ஸின் "ப்ளீக் ஹவுஸ்" சாதா அட்டைப் பதிப்பு, தராசில் 720 கிராம்: தட்டு டக்கென்று இறங்கி உட்கார்ந்தது. லண்டனைப் போர்த்திய மூடுபனியில் தொடங்கும் நாவல் அது. நீராவி எந்திரத்துக்கு எடைக்கல்லாக வேறு எதை வைப்பது? அதை எடுத்ததும் தட்டு எழுந்தது. இருபது முறை வைத்து எடுத்தேன். வாழ்க்கையில் அந்த நாவலை இத்தனை முறை கையில் எடுத்தது இதுதான் முதல் தடவை.

கடிகாரம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உள்ளே மோட்டார் ஓடியது, முள் நகரவில்லை. பல்சக்கரங்களில் கிரீஸ் மெழுகாகியிருந்தது. ஆல்கஹாலில் கழுவி, ஊசிமுனையில் கடிகார எண்ணெய் ஒவ்வொரு துளி. ஓடியது. இதில் குவார்ட்ஸ் கிடையாது. மின்சாரத்தின் அலைவையே எண்ணி நேரம் சொல்லும் மோட்டார். பிரிட்டனின் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அது சரியாக இருந்தால் கடிகாரமும் சரி.

அது எப்போது பிசகும் என்றால், நாடு தேநீர் போடும்போது. விளையாட்டாகச் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் எல்லோரும் பார்க்கும் நிகழ்ச்சி முடிந்ததும் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் கெட்டிலைப் போடுவார்கள். ஒரு கெட்டில் மூன்று கிலோவாட் இழுக்கும். மின்சாரத் துறையில் இதற்கென்றே தனிப் பெயர் உண்டு, தனி ஆயத்தம் உண்டு. புகழ்பெற்றது 1990 ஜூலை 4. உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் தேவை சுமார் 2,800 மெகாவாட் எகிறியது. வேறு நாட்டில் தெருவில் இறங்கிக் கல்லெறிந்திருப்பார்கள். இவர்கள் அடுக்களைக்குப் போயிருக்கிறார்கள். இப்படிப்பட்ட தாகத்துக்காகவே வேல்ஸில் மலைக்குள் டினார்விக் நீர்மின் நிலையம் இருக்கிறது. மேலேயுள்ள ஏரியைத் திறந்துவிட்டால் நொடிக்கணக்கில் முழு வீச்சில் மின்சாரம் வரும். அதற்குள் அலைவு ஒரு நூலளவு இறங்கும். நொடிக்கு 49.8 சுற்றாக ஐந்து நிமிடம் நின்றால் என் கடிகாரம் 1.2 நொடி பின்தங்கும். கணக்குப் போட்டுப் பார்த்து அடக்கமுடியாமல் சிரித்தேன். நாடு முழுக்கத் தேநீர் போட்டால், தேநீர் போடும் கடிகாரம் தாமதமாகிறது.

இதை வீட்டுக்காரரிடம் விளக்கினேன். "மற்ற எல்லோரும் அடுக்களைக்குப் போய்ப் போடுகிறார்கள் என்று புரிகிறது" என்றார்.

இடையில் ஒரு சனிக்கிழமை, ஊரில் நடக்கும் பழுதுபார்க்கும் முகாமுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஓய்வுபெற்ற மின்பொறியாளர் ஒருவர் எர்த் இணைப்பையும் மின்கசிவையும் கருவி வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். இந்தச் சோதனை இல்லாமல் இதைப் படுக்கையறைக்கு ஏற்றியிருக்க மாட்டேன். பக்கத்து மேசையில் ஒருவர் பாடும் கரடி பொம்மையைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தார். அது பாடவில்லை, அழுதுகொண்டிருந்தது.

அன்றிரவு ஒத்திகை. தேயிலை எவ்வளவு, பால் எப்போது என்ற கேள்வியில்தான் இந்த நாட்டில் நண்பர்கள் பிரிகிறார்கள். ஜார்ஜ் ஆர்வெல் 1946 ஜனவரியில் ஒரு மாலை நாளிதழில் நல்ல தேநீருக்குப் பதினோரு விதிகள் எழுதினார். இந்தியத் தேயிலை அல்லது இலங்கைத் தேயிலை மட்டுமே, சர்க்கரை கூடாது, தேநீர் முதலில் பால் பிறகு. அப்போது தேயிலை ரேஷனில் இருந்தது. ஆளுக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ், நம் கணக்கில் சுமார் 57 கிராம். 1952 வரை அந்த ரேஷன் நீடித்தது. பஞ்சத்தில் எழுதியதால்தான் அத்தனை தீவிரம் என்று நினைக்கிறேன். அவர் விதிப்படி பாத்திரத்தை முதலில் சூடாக்க வேண்டும். என் எந்திரத்தில் பாத்திரம் இரவு முழுக்கச் சில்லிட்டுக் கிடக்கும். தேயிலைப் பையும் வடிகட்டியும் அவருக்கு ஆகாது. பை இல்லாவிட்டால் என் தலையணையெல்லாம் தூள். ஆர்வெல் இதைப் பார்த்திருந்தால் பன்னிரண்டாவதாக ஒரு விதி சேர்த்திருப்பார்.

அரசாங்க நடையில் வேண்டும் என்பவர்களுக்குப் பிரிட்டிஷ் தர நிர்ணய அமைப்பின் பிஎஸ் 6008 இருக்கிறது. ஆறு பக்கம். நூறு மில்லிலிட்டருக்கு இரண்டு கிராம் தேயிலை, ஆறு நிமிடம். தேயிலைகளைச் சுவைத்து ஒப்பிடும் ஆய்வாளர்களுக்காக எழுதியது. நன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. 1999-இல் அதற்கு இலக்கியத்துக்கான இக்நோபல் விருது கொடுத்தார்கள். அதே ஆண்டு இயற்பியல் விருதில் ஒரு பங்கு, பிஸ்கட்டைத் தேநீரில் எப்படி நனைப்பது என்று கணக்கிட்டவருக்கு. கேலி விருதுதான். ஆனால் டைஜஸ்டிவ் பிஸ்கட் பாதி முறிந்து கோப்பையின் அடிக்குப் போவதைப் பார்த்தவர்களுக்கு அது கேலியாகத் தெரியாது.

பாலைச் சிறு ஃபிளாஸ்கில் ஊற்றி மூடிவைத்தேன். அலாரம் ஆறரைக்கு. "த ராங் ட்ரௌசர்ஸ்" என்ற களிமண் பொம்மைப் படத்தில் நாயகன் வாலஸின் கட்டில் சாய்ந்து, அவரை நேரே கால்சட்டைக்குள் இறக்கி, காலை உணவு மேசைக்கு அனுப்புமே, அப்படி ஒரு கனவு கண்டுகொண்டு தூங்கியிருக்கிறேன்.

ஆறு பத்துக்கு எழுப்பியது. அலாரத்துக்கான முள் கட்டைவிரல் பருமன். இருபது நிமிடம் அப்படி இப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. முதலில் ஒரு முனகல். பிறகு சுரங்கத்துக்குள் ரயில் வருவதுபோல் உறுமல். வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து, "யார் அது?" என்றார். உறுமல் ஏறிக்கொண்டே போய், பெட்டி நடுங்கி, விளிம்பில் கரண்டி கிணுகிணுத்து, சட்டென்று குழாயில் தண்ணீர் பாய்ந்தது. குழந்தை குளியல் தொட்டியில் அடிப்பதுபோல் சத்தம். தட்டு எழுந்தது. டக். விளக்கு எரிந்தது. அப்புறம்தான் மணி, நாங்கள் இருவரும் பத்து நிமிடமாக விழித்திருக்கிறோம் என்பதைக் கொஞ்சமும் பொருட்படுத்தாத மணி.

ஊற்றிக் குடித்தேன். வெதுவெதுப்பு, லேசான உலோக வாடை, சாயம் மட்டும் தாராளம். ரயில் நிலையத் தேநீர். ஆனால் வெளியே இருட்டு, ஜன்னலில் பனி, கால் இன்னும் போர்வைக்குள். முழுக் கோப்பையும் குடித்தேன். பாட்டியையும் கூப்பிட்டு, படுக்கையறைவரை அழைத்துப் போய், ஒருமுறை ஓட்டிக் காட்டினேன். அவருக்குக் கல்யாணப் பரிசாக இதுபோல் ஒன்று வந்ததாம். "அதுவும் இப்படித்தான் மோசமாகப் போடும், லவ்" என்று மகிழ்ச்சியோடு இரண்டாவது கோப்பை கேட்டார்.

மூன்றாம் நாள் காலையில் விழித்தபோது எந்திரத்தில் பீங்கான் பாத்திரத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் எங்கள் எவர்சில்வர் காபி ஃபில்டர் நின்றது, மேல் மூடி திறந்து, பொடி நிரப்பி. வீட்டுக்காரர் பக்கத்தில் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்திரம் மௌனமாக இருந்தது.

"ஃபில்டர் கொள்ளும் அளவுக்கு இருநூறு மில்லிதான் ஊற்றினேன். சுவிட்சே விழவில்லை" என்றார்.

"விழாது. எடை போதாது. கெட்டிலோடு 610 கிராம்தான் வரும்."

சற்று யோசித்தார். அலமாரியைப் பார்த்தார். "கெட்டிலுக்கு மேல் அந்த டிக்கன்ஸை வைத்தால்?"

"வைத்தால் விழும். ஆனால் தண்ணீர் தீர்ந்தாலும் அணையாது. கெட்டில் கருகும், டிக்கன்ஸ் எரியும், அப்புறம் நாம்."

ஒத்துக்கொண்டார். எந்திரத்தில் அறுநூறு மில்லி ஊற்றியே ஆக வேண்டும். அப்படியானால் அறுநூறு மில்லி கொள்ளும் ஃபில்டர் வேண்டும். அன்று மாலையே மாமியாருக்குத் தொலைபேசியில் அளவு சொல்லப்பட்டது. கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் கல்யாண வீட்டு அளவில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறார்களாம். ஜூலையில் வருபவர் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறார்கள். நான் தட்டின் அகலத்தை அளந்து அனுப்ப வேண்டும்.